ஒரு மேட்சும் தோற்காத வருஷம்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, வரி கோணினால் நீ தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்.

முதலில் நம் பிள்ளைகளின் பெருமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். உன் அக்கா மகனுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை நிரந்தரமாகிவிட்டது. ஊஞ்சலில் உட்கார வைத்தாலே ஊரைக் கூட்டுவானே, அவன் இப்போது வானத்தில் உட்கார்ந்துகொண்டு பெட்டி தூக்குகிறான். அவன் தங்கை ரத்தப் பரிசோதனைப் படிப்பு முடித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாள். அவள் ஊசி குத்தினால் வலிக்கவே வலிக்காது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எல்லாரும் என்றால் நானும் உன் அக்காவும். உன் சின்னவன் கணக்கில் பாஸ். எத்தனை மார்க் என்று மட்டும் கேட்காதே, பாஸ் என்றால் பாஸ்தான்.

இனி பெரிய செய்தி. உன் மகள் படிக்கிற காலேஜின் கால்பந்து அணி இந்த வருஷம் முழுக்க ஒரு மேட்சில்கூடத் தோற்கவில்லை. கோப்பையும் வாங்கிவிட்டார்கள். கோல் கீப்பர் யார் என்கிறாய்? நம் பாப்பா.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அழுவாய், கூடவே நானும் அழுவேன், உன் வீட்டுக்காரர், நம் மாப்பிள்ளை, போனைப் பிடுங்கி அங்கே குளிரா என்று கேட்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் கடிதம்.

பாப்பா காலேஜில் சேர்ந்த அன்றைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாய். வெளிநாட்டில் நீ வேலை பார்க்கிற அந்த முதியோர் இல்லத்தில் கடைசி நேரத்தில் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் உன் போனுக்கு வருவதே இல்லை. நீ கூப்பிட்டால் குளிக்கிறாள், இல்லாவிட்டால் படிக்கிறாள், அதுவும் இல்லாவிட்டால் தூங்குகிறாள். பகல் முழுக்க யார் யாரையோ தூக்கி உட்கார வைத்து, வாயைத் துடைத்துவிட்டு, அறைக்கு வந்து போனை எடுத்து “பாப்பா இருக்காளாம்மா?” என்று நீ கேட்பாய். பதிலைக் கேட்டதும் உன் குரல் இறங்கிப்போகும். தாயும் மகளும் இப்படியே இருந்துவிடுவார்களோ என்பதுதான் இந்த வருஷம் முழுக்க எனக்கு இருந்த ஒரே கவலை.

அவள் காலேஜை நீ பார்த்ததில்லை அல்லவா. இரண்டு மாடிக் கட்டடம், அவ்வளவுதான். பின்னால் மைதானம். அதில் பாதியைப் பக்கத்து டயர் கடைக்காரர் பழைய டயர் அடுக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். வேதியியல் டீச்சர்தான் சண்டை போட்டு மீட்டார். அணியை நடத்துகிறவரும் அவர்தான். வகுப்புக்குள்ளும் கழுத்தில் விசில் தொங்குவதால் பிள்ளைகள் அவருக்கு விசில் டீச்சர் என்று பேர் வைத்துவிட்டார்கள். மைதானம் ஒரு பக்கம் சரிவு, பந்தை வைத்தால் தானாக உருண்டு போகும். அதிலேயே ஆடிப் பழகிய பெண்களுக்குச் சமதரை என்றால் கொண்டாட்டம்தானே.

முன்னால் ஓடி கோல் போடுகிறவள் ஒரு சின்னப் பெண், கொசு என்று கூப்பிடுகிறார்கள். பின்னால் காவல் நிற்கிறவள் தூண். பேருக்கு ஏற்ற மாதிரியே இருக்கிறாள். இரண்டு பேரும் நம் வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் எதுவும் மிஞ்சாது. ஆஃப்சைடு என்று ஒன்று இருக்கிறதாம், கொசு எனக்கு டம்ளர்களை அடுக்கிவைத்து விளக்கினாள். எனக்குப் புரிந்தது இதுதான்: எதிராளி செய்தால் அது ஆஃப்சைடு, நாம் செய்தால் ரெஃப்ரிக்குக் கண் சரியில்லை.

கூட வேலை செய்கிற பெண்ணிடம் நீ கொடுத்துவிட்ட கீப்பர் கையுறை வந்து சேர்ந்தது என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னேன். அதை அவள் பிரிக்கவே இல்லை. பீரோ மேலே தூக்கிப் போட்டுவிட்டாள். போட்டுத்தான் பாரேன் என்று மாப்பிள்ளை ஒருமுறை கேட்டார். பெரிசா இருக்கும் என்றாள், தொட்டுக்கூடப் பார்க்காமல். காலேஜில் கிடந்த, அவளைவிட வயதான கையுறையை மாட்டிக்கொண்டுதான் ஆடினாள்.

ஜெயிக்க ஜெயிக்க அந்தப் பெண்களுக்குள் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. தோற்கிற வரைக்கும் கீப்பரின் கையுறையைத் துவைக்கக் கூடாதாம். எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. வீட்டில் எலி செத்துவிட்டது என்று நானும் மாப்பிள்ளையும் பீரோவை நகர்த்தித் தேடினோம், கட்டிலுக்கு அடியில் தேடினோம். கடைசியில் பார்த்தால் நாற்றம் அவள் பையிலிருந்து வருகிறது. பாவம், நாளைக்குப் பெரிய மேட்ச், குழந்தை சுத்தமாகப் போகட்டுமே என்று கொதிக்கிற தண்ணீரில் சலவை சோடா போட்டு ஊறவைத்துக் கசக்கிக் கொடியில் மாட்டிவிட்டேன். காய்ந்ததும் உள்ளங்கை ரப்பர் மொத்தமும் தோல் மாதிரி உரிந்து தொங்குகிறது.

பாப்பா வந்து பார்த்தாள். கொசுவும் தூணும் ஓடிவந்து கொடிக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். கொசுதான் கேட்டாள், “பாட்டி, நீங்க எதிர் டீம்ல எப்ப சேர்ந்தீங்க?” மாப்பிள்ளை மிக்ஸி ரிப்பேருக்கு வைத்திருக்கும் பசையைக் கொண்டுவந்து ஒட்டிப் பார்த்தார். கையுறை அட்டையாகிவிட்டது, விரலை மடக்க முடியவில்லை. பிறகு அவர் ஒன்றும் பேசாமல் ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ மேலே இருந்த உன் பொட்டலத்தை எடுத்துத் தூசி தட்டி மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் ரிப்பேர் கடைக்குப் போய்விட்டார். பேசத் தெரியாத மனிதர் என்று நீயும் நானும் எத்தனை தடவை சொல்லியிருப்போம்.

வேறு வழியில்லாமல் பிரித்தாள். மாட்டினாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் கை அளவு அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்டாள். நீ என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். கடையில் உன் கையில் போட்டுப் பார்த்தாய், பாப்பா இதற்குள் உன்னைத் தாண்டி வளர்ந்திருப்பாள் என்று நினைத்து அதற்கு அடுத்த அளவை வாங்கினாய் என்று. சாப்பிடக் கூப்பிடுகிற வரைக்கும் அவள் அதைக் கழற்றவே இல்லை.

மறுநாள் மாப்பிள்ளை கடையை மூடிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. எதிர் டீம் பெரிய காலேஜ், அவர்கள் வந்த பஸ்ஸே நம் தெரு நீளம். பாப்பா பாய்ந்து பாய்ந்து தடுத்தாள். ஒருமுறை பின்பக்கமாக விழுந்தபோது என் உயிரே போய்த் திரும்பியது. அப்படித் தடுத்தவள் ஒரு லேசான பந்தை, ஈரத்தில் நழுவி, விட்டுவிட்டாள். கோல். மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன்.

பிறகு கொசு ஒரு கோல் போட்டாள். கடைசியில் தூண் தலையால் முட்டி இன்னொன்று போட்டாள். ஒவ்வொரு தடவையும் எல்லாரும் அந்தக் கோடியில் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். நம் குழந்தை இந்தக் கோடியில் தனியாக நின்று கை தட்டிக்கொண்டிருக்கிறது. விசில் ஊதியதும் தூண்தான் முதலில் ஓடிவந்து அவளைத் தூக்கினாள். விசில் டீச்சர் அழுத அழுகையில் கோப்பையை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் என் கையில் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் நான்தான் வைத்திருந்தேன். நல்ல கனம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள், “பாட்டி, நான் தடுத்ததையெல்லாம் யாரும் திரும்பிப் பார்க்கல. விட்ட ஒண்ணைத்தான் எல்லாரும் பார்த்தாங்க.”

ஆமாம்டி, நானும்தான் பார்த்தேன் என்றேன். பஸ் இரண்டு இடத்தில் நின்று கிளம்பியது. பிறகு மெல்லச் சொன்னாள்.

“அம்மா வராத அந்த ஒரு நாளைத்தான் நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன்.”

என் தோளில் சாய்ந்துகொண்டாள். முடியெல்லாம் சேறு. இறங்குகிற வரைக்கும் நான் அசையவே இல்லை.

மகளே, எனக்கு யாருக்கு நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. டயர்களைத் தூக்கிப் போட வைத்த டீச்சருக்குச் சொல்கிறேன். ஸ்டூலில் ஏறிய மாப்பிள்ளைக்குச் சொல்கிறேன். இவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த இரண்டு வாலுகளுக்கும் சொல்கிறேன். எல்லாருக்கும் முன்னால் உனக்குச் சொல்கிறேன். நீ அங்கே நிற்பதால்தான் இவர்கள் இங்கே ஓடுகிறார்கள். வயதில் பெரியவள் நன்றி சொன்னால் வேண்டாம் என்று சொல்லக் கூடாது, வாங்கிக்கொள்.

இன்னும் ஒன்று. அந்தப் பெண்கள் உடை மாற்றும் அறையில் ஆளுக்கொரு சின்ன அலமாரி கொடுத்திருக்கிறார்கள். கதவின் உள்பக்கம் ஒவ்வொருத்தியும் அவள் அவள் அம்மா படத்தை ஒட்டி வைத்திருக்கிறாளாம். நம் பாப்பா கதவு மட்டும் வெறுமையாக இருக்கிறது. நேற்று என்னிடம் வந்து, வீட்டில் இருக்கிற படம் பழசு, அம்மா இப்ப எப்படி இருக்காங்கன்னு தெரியல என்றாள். நான் கேட்டதாக மட்டும் எழுதாதே பாட்டி என்றும் சொன்னாள். அதனால் அவள் கேட்டதாக நான் எழுதவில்லை. நானாகத்தான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் காதை மூடிக்கொள். நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக நடக்கும், என் வயிறு குளிர்ந்து சொல்கிறேன். படத்தைப் போனில் அனுப்பாதே, அதை ஒட்ட முடியாது. தலையை வாரிக்கொண்டு, கொஞ்சம் சிரித்த மாதிரி, புதுசாக ஒன்று எடுத்துத் தபாலில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா