படகுக்குச் சக்கரம் ஏது, பாவா

பாவா,

என் இடது மணிக்கட்டில் அந்தச் சிவப்புக் கயிறு இன்னும் இருக்கிறது. கயிறு என்றால் நூல் கயிறு இல்லை, உனக்குத் தெரியும். பழைய போனில் காதில் வைக்கிற பாகத்தையும் பெட்டியையும் சேர்த்துச் சுருள் சுருளாக ஒரு வயர் இருக்குமே, அந்த மாதிரி பிளாஸ்டிக் சுருள். மலையடிவாரத்தில் என் பஜ்ஜிக் கடைக்கு வருகிறவர்கள் "எந்தக் கோயில்ல கட்டுனதும்மா?" என்று கேட்கிறார்கள். "சென்னைல, பெரிய எடத்துல" என்கிறேன். ஒருத்தர் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார்.

இன்றைக்குக் காலையிலிருந்து அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறேன். சென்னையில் படகுக் கண்காட்சி இன்றோடு முடிகிறது. அக்கா, அதான் உன் பெண்டாட்டி, வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. உள் அறையில் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஏரியில் படகு விட உன் பேரில் இருந்த அனுமதியை ஆபீசில் அவள் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் இந்த மழைக்கு ஏரி நிரம்புவதற்குள் படகைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். படகுக்காக உன் வேனை விற்றாயிற்று. இனி அக்காவுக்குச் சோறு அந்தப் படகில்தான். அவளோ வாளியில் தண்ணீர் தளும்பினாலே இரண்டு அடி தள்ளி நிற்கிறவள்.

நான் ஏதாவது சொன்னால் பீரோவைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அதனால் வாயை மூடிக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்றால் நீ நம்பமாட்டாய். பார்க்க நீ இல்லையே என்றுதான் எனக்கும் எரிச்சலாக இருக்கிறது.

உன்னைக் காலில் சக்கரம் கட்டினவன் என்று ஊரே சொல்லும். திருப்பதிக்குப் போகிற கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போவாய், திரும்பி வந்து கை கழுவுவதற்குள் பள்ளிப்பட்டுக்கு ஒரு சவாரி என்று கிளம்புவாய். அக்கா தட்டை வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பாள், வேனின் புகைதான் இருக்கும். அந்த வேனும் மூன்றாவது கை. உன் மொபெட்டு இரண்டாவது கை. கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு வந்த வாட்ச் உன் அண்ணனுடையது. "எங்க அக்கா ஒண்ணுதான் பாவா உனக்குப் புதுசா வந்தது, அதையும் நீ சரியா வெச்சுக்கல" என்று நான் சொல்வேன். நீ சிரிப்பாய். பிறகு கொஞ்சம் கழித்து, "கவர் பிரிக்காத பொருள் ஒண்ணு வாங்கணும், மச்சினிச்சி. நானே பிரிக்கணும்" என்பாய்.

நகரி தாண்டி அந்த ஏரிக்கு ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனாயே, அன்றைக்குத்தான் உனக்குப் படகுப் பைத்தியம் பிடித்தது. கரையில் நின்று எல்லாரும் "இங்க போட் இல்லியா?" என்று உன்னைக் கேட்டார்களாம். ஏரிக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் உனக்கு அவமானமாகப் போய்விட்டது. அதற்கப்புறம் நீ ஒரு வேளைச் சோறு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

போன வருஷம் கண்காட்சிக்குக் கிளம்பின காலையை நினைத்தால் இப்போதும் வயிறு குலுங்குகிறது. நீ விடிந்ததும் மலைக்குப் போய் மொட்டை போட்டு, தலை நிறைய சந்தனத்தோடு நேராக ஸ்டேஷனுக்கு வந்தாய். சட்டைப் பையில் நாலு எலுமிச்சம்பழம்.

"இன்னாத்துக்கு பாவா பழம்?"

"வண்டி வாங்கப் போறோம், பழம் இல்லாம போவாங்களா? புடிச்சுப் போச்சுன்னா அங்கியே வெச்சு ஏத்திடலாம்."

நம் ஊரில் புது வண்டி எது வந்தாலும் மலையடிவாரத்தில் நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்து நசுக்கின பிறகுதானே ஓட்டுவார்கள். நீ அந்தக் கணக்கில் எடுத்து வந்துவிட்டாய். எனக்கும் தோன்றவில்லை பார். இரண்டு பேரும் எலக்ட்ரிக் ட்ரெயினில் பழத்தைக் காவல் காத்துக்கொண்டு சென்னைவரை போனோம்.

அந்தக் கூடம் எவ்வளவு பெரியது. உள்ளே ஒரே குளிர், பெயிண்டு வாசனை மாதிரி ஒரு வாசனை, மின்னுகிற தரையில் வரிசையாக வெள்ளை வெள்ளைப் படகுகள். தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. கறுப்புக் கோட்டு போட்டவர் ஒருத்தர் வந்து ஏறிப் பாருங்கள் என்றார். நீ கீழே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வலது காலை எடுத்து வைத்தாய். நானும் கழற்றினேன். நமக்குப் பின்னால் வந்த ஒரு பெரிய குடும்பம், ஏதோ இங்கே சட்டம் போலிருக்கிறது என்று, ஷூவையெல்லாம் அவிழ்த்து வரிசையாக வைத்தது. கோட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், பாவம்.

நீ விளிம்பைப் பிடித்துக் குனிந்து அடியில் பார்த்தாய். எழுந்தாய். மறுபடி குனிந்தாய்.

"சார், இதுக்குச் சக்கரம்?"

"போட்டுக்கு ஏதுங்க சக்கரம்?"

நீ சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாய். நான் சிரிப்பில் விழுந்துவிடக் கூடாது என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

அதோடு விட்டாயா? பானை வாங்குகிற மாதிரி படகின் வயிற்றைத் தட்டிப் பார்த்தாய். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று கேட்டாய். படகுக்கு அப்படிச் சொல்வதில்லை, மணிக்கு இத்தனை லிட்டர் குடிக்கும் என்றுதான் கணக்கு என்றார் அவர். "ஆங், எங்க மாமனாரும் மணிக்கணக்குலதான்" என்றாய். என் அப்பனை என் எதிரிலேயே சொல்கிறாய், அதுவும் கோட்டுப் போட்ட ஆளிடம். "அந்த மாமனாருக்கு வாங்கிக் குடுத்ததே இவருதாங்க" என்று நானும் விடவில்லை.

பிறகு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, மொட்டைத் தலையை அந்த வெள்ளை சீட்டில் சாய்த்தாய். கண்ணை மூடினாய். நீ அப்படிச் சும்மா சாய்ந்து நான் பார்த்ததே இல்லை. எழுந்தபோது சீட்டில் வட்டமாக ஒரு சந்தனத் தலை இருந்தது. கோட்டுக்காரர் காகிதத்தால் துடைக்கத் துடைக்க அது இன்னும் அகலமானது.

அவர்தான் இந்தச் சிவப்புக் கயிற்றைக் காட்டினார். ஒரு முனையை ஓட்டுகிறவர் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும், மறுமுனை சாவி பக்கத்தில் செருகியிருக்கும். ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு அவரோடு பிடுங்கிக்கொண்டு போய்விடும், அந்த நொடியே இன்ஜின் நின்றுவிடும்.

நீ திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தாய்.

"சரி சார். ஓட்டுறவன் விழுந்துட்டான். பின்னாடி உக்காந்துகினு இருக்கறவங்க?"

"அவங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்க. போட்டு அங்கியே நின்னுடும்."

"நடு ஏரில நின்னுகினு இருந்தா ஒண்ணும் ஆவாதா?"

அதற்குத்தான் இன்னொரு கயிறு படகிலேயே இருக்கும் என்றார். மிச்சம் இருக்கிறவர்களில் யாராவது அதைச் செருகினால்தான் இன்ஜின் திரும்ப எடுக்கும்.

நீ அந்த இரண்டாவது கயிற்றை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டே மற்ற படகுகளையெல்லாம் சுற்றினாய். நீலத்துக்குப் போனாய், வெள்ளைக்கு வந்தாய், மறுபடி நீலம். என் கால் கடுத்துவிட்டது. "ஒண்ணைச் சொல்லேன் பாவா" என்றேன். "உங்க அக்கா வந்து பின்னாடி உக்காரட்டும். அவ பயப்படாம உக்கார்ற எடம் எதுவோ அதான்" என்றாய். அக்கா வரவே மாட்டாள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிளம்பும்போது அந்தக் கயிற்றை அவர் உனக்கே கொடுத்துவிட்டார். கவர் பிரிக்காதது ஒன்று. ட்ரெயினில் நீயே பிரித்து என் கையில் மாட்டிவிட்டாய். பழம் நாலையும் வீட்டில் ஜூஸ் போட்டுக் குடித்தோம்.

பிறகு வேன் ஸ்டாண்டில், டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே, நின்றபடியே உயிரை விட்டாய். அப்போதும் உட்காரவில்லை.

அக்கா கூப்பிடுகிறாள். சேலை மாற்றியிருக்கிறாள். மிச்சத்தை வந்து எழுதுகிறேன்.

*

வந்துவிட்டோம். கால் தரையில் பாவவில்லை. அடுப்பில் உலை வைத்துவிட்டு எழுதுகிறேன்.

 ட்ரெயினில் அக்கா கைப்பையைத் திறந்து திறந்து பார்த்தாள். எட்டிப் பார்த்தேன். உள்ளே நாலு எலுமிச்சம்பழம். "அக்கா, அதுக்குச் சக்கரம் இல்லக்கா" என்றேன். "தெரியும். அவரு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரே" என்றாள். 

கூடத்துக்குள் நுழைந்ததும் அதே வாசனை. அதே கோட்டுக்காரர், கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, எனக்குப் பின்னால் தேடினார்.

"மொட்டை சார் வரலீங்களா?"

  கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றேன். அக்காதான் முன்னால் வந்தாள்.

"அவரு இப்ப இல்லீங்க. நான் அவரு வீட்டுக்காரி. பின்னாடி உக்காந்து பாக்க வந்தேன்."

 கோட்டுக்காரர் எங்களை ஒரு மூலைக்கு அழைத்துக்கொண்டு போனார். அதே வெள்ளைப் படகு. தலை சாய்க்கிற இடத்தில் மஞ்சளாக ஒரு வட்டம். என்னென்னவோ போட்டுத் துடைத்தும் போகவில்லையாம், கறை இருப்பதால் யாரும் எடுக்கவில்லையாம், காட்சிக்கே வைத்துக்கொண்டார்களாம். "உங்களுக்குன்னா குறைச்சுத் தரச் சொல்றேன்மா" என்றார்.

பாவா, எனக்கு அதுதான் வேண்டும் என்று ஆகிவிட்டது. வட்டத்தின் மேல் கையை வைத்தேன், எடுக்க மனசு வரவில்லை. இதற்கென்றே இது விற்காமல் நின்றிருக்கிறது என்று நினைத்தேன். "அக்கா, இதையே எடுத்துடலாம்கா. குறைச்சும் தராங்க" என்றேன்.

அக்கா செருப்பைக் கழற்றினாள். வலது காலை வைத்து ஏறினாள். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தாள். தண்ணீர் ஒரு சொட்டு இல்லாத தரையில் நிற்கிற படகு அது, அதற்கே அவள் விளிம்பை விடவில்லை. உனக்கு நேர் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். அந்த மஞ்சள் வட்டத்தையே பார்த்தாள். நானும் கோட்டுக்காரரும் இரண்டு பக்கமும் காவல்காரர்கள் மாதிரி நின்றோம். பக்கத்துப் படகில் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவள் திரும்பவில்லை.

அப்புறம் இறங்கினாள்.

"எடம் சரியா இருக்கு. இதே மாதிரி புதுசு இருக்கா?"

"இருக்கும்மா. இதையே குறைச்சு..."

"வேணாங்க. அவரு கவர் பிரிக்காதது கேட்டாரு. அதைக் குடுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும்தான். உன் தலையை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்கிறாளே என்று. அக்கா என்னைப் பார்த்து, "நாம அவரு தலையைப் பாத்துகினு ஓட்ட முடியாதுடி. தண்ணியப் பாக்கணும்" என்றாள். வாளித் தண்ணீருக்குத் தள்ளி நிற்கிறவள் சொல்கிறாள். கையெழுத்தையும் அவளே போட்டாள்.

திரும்பி வரும்போது ஜன்னல் ஓரத்தில் அவள், பக்கத்தில் நான். ஓட்டப் போவது நான்தான், அது முன்பே முடிவானது. நீ வேன் பழக்கிவிட்ட தைரியத்தில் வேறு ஏரியில் போய்ப் படகும் பழகிக்கொண்டேன். திருவள்ளூர் தாண்டினதும் அக்கா கேட்டாள்.

"நீ விழுந்தா நான் இன்னா பண்றது?"

"நான் ஏன்கா விழப்போறேன்?"

"அவரு மட்டும் விழணும்னா இருந்தாரு?"

டிபன் டப்பா மூடியை ஸ்டியரிங்காகப் பிடித்துக் காட்டினேன். எங்கே செருகுவது, எப்படிச் சாவியைத் திருப்புவது, எப்படி மெதுவாகக் கரைப்பக்கம் திருப்புவது. எதிர்சீட்டு ஆள் எங்களைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூடியை இரண்டு தரம் தப்பாகத் திருப்பினாள். "நேரா ஆந்திராவுக்குப் போய்ட்ட" என்றேன். சிரித்தாள் பாவா. நீ போனதற்கப்புறம் சத்தம் வரச் சிரித்தது இதுதான் முதல் தரம்.

பிறகு என் கையைப் பிடித்தாள்.

"இது ரெண்டாவது கயிறுதானே?"

"ஆங்."

"அப்ப உன் கையில இன்னாத்துக்கு? நீ விழுந்தா இதுவும் உன் கூட வந்துடும். நான் நடு ஏரில கையைப் பிசைஞ்சுகினு இருக்கறதா? குடு இப்படி."

கழற்றிக் கொடுத்தேன். வளையலுக்கு மேலே ஏற்றிப் போட்டுக்கொண்டாள். கொக்கியை அழுத்திப் பார்த்தாள், சுருளை இழுத்துப் பார்த்தாள், முந்தானையால் மூடிக்கொண்டாள்.

இப்போது கொல்லைப்பக்கம் சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்தேன். சக்கரம் இல்லாத வண்டிக்குப் பழத்தை எங்கே வைப்பது என்று அவளும் யோசித்திருக்கிறாள் போல. நாலு எலுமிச்சம்பழத்தையும் வாளித் தண்ணீரில் போட்டிருக்கிறாள். நாலும் மிதக்கின்றன. முழங்கைவரை கையை விட்டு, ஒவ்வொன்றாக முன்னால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சிவப்புச் சுருள் நனைந்திருக்கிறது.

என் கையில் ஒன்றும் இல்லை. ஒரு வருஷமாகச் சுருள் அழுத்தின இடத்தில் வளையம் வளையமாக வெளுத்த தடம் மட்டும் இருக்கிறது. பழக்கதோஷத்தில் அதைப் பிடித்து இழுக்கப் போய் வெறும் தோலை இழுத்துக்கொண்டிருக்கிறேன். உலை கொதிக்கிறது, போய் அரிசி போட வேண்டும்.