அடி முந்தி, சத்தம் பிந்தி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம். வழக்கத்துக்காக இப்படி எழுதுகிறேன் என்று நினைக்காதே, உடம்புக்குப் புதிதாக ஒன்றும் வரவில்லை என்பதை இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது நீயே ஒத்துக்கொள்வாய். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, சுகமாக இருக்க வேண்டும்.

நேற்று சாயங்காலம் அம்மாவிடம் நீ போனில் பேசியது முழுவதும் என் காதில் விழுந்தது, அவள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள் என்று உனக்குத் தெரியாதா என்ன. அப்பாவுக்கு ரெண்டு கையும் போயிட்டு இருக்கு, அவரே வேலையை விட்டுட்டாரு, இனி நான் மட்டும் இங்க உக்காந்து என்னத்தக் கிழிக்கப் போறேன், திங்கட்கிழமை காலையில ராஜினாமாவைக் குடுத்துட்டு டிக்கெட் போடறேன் என்றாய். நாளைதான் திங்கட்கிழமை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன், அம்மா ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். போனிலேயே சொல்லலாமே என்பாய். நான் வாயைத் திறப்பதற்குள் நீ அழுவாய், நீ அழுதால் நான் எல்லாம் பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் நீட்டிவிடுவேன். இந்தப் பிரமாதத்தால்தான் இவ்வளவு வம்பும் வந்தது. பாதியில் எனக்குப் போன் பண்ணாமல் கடைசி வரை படி, நடுவில் ஒரு இடத்தில் உனக்கு வருத்தமாக இருக்கும், அதையும் தாண்டிப் படி.

ஏழு மாதம் முன்னால் பிரஸ்ஸில் தலையில் அடைப்பு வந்து நான் விழுந்ததிலிருந்து நடந்தது உனக்குத் தெரியும். கால் திரும்பி வந்துவிட்டது, கோணிய வாய் நேராகிவிட்டது, முன்பு இருந்ததைவிட இப்போதுதான் நேராக இருக்கிறது என்று அம்மா கிண்டல் செய்கிறாள். இடது கை மட்டும் அசைகிறதே தவிர அதில் உணர்ச்சி இல்லை, இதை எழுதும்போதுகூட பேப்பர் நகராமல் இருக்க அதை மேலே வைத்திருக்கிறேன், குனிந்து பார்த்தால்தான் அங்கே ஒரு கை இருப்பதே தெரிகிறது. உன்னிடம் சொல்லாத இன்னொன்றும் உண்டு, கையோடு சேர்ந்து மற்றதெல்லாமும் மரத்துப் போய்விட்டது பாப்பா. உன் அத்தை வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது, அவள் கைப்பையின் ஜிப் பழுதாகி ஊக்கு குத்தியிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷமான செய்தி சொன்னாலும் சரிதான், கெட்ட செய்தி சொன்னாலும் சரிதான், பக்கத்து வீட்டு டிவி சத்தம்போல எங்கேயோ கேட்கிறது. டாக்டரிடம் சொன்னேன், சிலருக்கு அப்படித்தான் இருக்கும், போகப் போக வரும் என்றார். எனக்கு அதிலும் அவசரம் ஒன்றும் தோன்றவில்லை.

பிசியோ மேடம்தான் டிரம்ஸ் யோசனையைச் சொன்னவர். ரெண்டு கையும் காலும் ஒரு தாளத்துக்கு மாறி மாறி வேலை செய்யணும் சார், சும்மா பந்தை அமுக்கிட்டே இருந்தா எப்ப நீங்க மெஷின்கிட்டப் போய் நிக்கிறது என்றார். மெஷினிடம் போக எனக்குக் கெடு இருந்தது, எட்டாவது மாதக் கடைசியில் கம்பெனி டாக்டர் முன்னால் இரண்டு கையையும் காட்டித் தேற வேண்டும். அம்மா அங்கே இங்கே விசாரித்து யாரோ பழசாக விற்ற எலக்ட்ரானிக் டிரம்ஸ் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உன் ரூமில் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவில் போட்டிருக்கிறோம், ஐந்து ரப்பர் தட்டு, காலுக்கு ஒரு பெடல், பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. தட்டில் அடித்தால் வெளியே தொப் தொப் என்று மட்டும் கேட்கும், நிஜமான டிரம் சத்தம் அந்தப் பெட்டியிலிருந்து காதுக்கு வர ஹெட்போன் வேண்டும். ஸ்பீக்கர் வைக்க வழியில்லை, கீழ்வீட்டு நர்ஸ் ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற பெண். இதை அம்மா உன்னிடம் சொன்ன பத்தாவது நாள் உன் பார்சல் வந்தது.

வேலை நிரந்தரமானதும் வாங்கிய முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு என்று எழுதியிருந்தாய். வயர் இல்லாத ஹெட்போன், பெட்டித் துளையில் செருகிச் சத்தத்தை அனுப்ப ஒரு குட்டிக் குமிழ், தொட்டால் பஞ்சு மாதிரி உறை. மாட்டிக்கொண்டு அடித்தேன். அடி விழுந்தது, சத்தம் ஒரு இமைப்பொழுது கழித்து வந்தது. இடது கை அடியில்தான் கோளாறு என்று நினைத்தேன். மெதுவாக அடித்தேன், அப்போதும் பின்னால்தான் வந்தது. இரண்டு வாரத்தில் கவனித்துப் பார்த்தால் வலது கை அடித்தாலும் சத்தம் பிந்துகிறது, கால் மிதித்தாலும் பிந்துகிறது. கையைத் தட்டினால் சரியாகக் கேட்கிறதே என்று யோசித்தேன். பிரஸ்ஸில் மெஷினை மெதுவாக ஓட்டும்போது நாலு கலரும் ஒரே இடத்தில் விழும், வேகம் ஏற்றினால் சில நாள் ஒன்று விலகிப் போய்விடும், அட்டைப்பெட்டியில் இருக்கிற பெண்ணுக்கு இரண்டு உதடு வந்துவிடும், நீ சின்னப் பிள்ளையில் அந்தக் கழிவு அட்டைகளைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போவாய். அதே மாதிரி கை, கால், காது எல்லாம் ஒன்றாக வேலை செய்ய வேண்டி வரும்போது என் தலை விலகிப் போகிறது என்று முடிவு கட்டினேன். அடுத்த அடைப்புக்கு முன்னோட்டம் என்று வைத்துக்கொண்டேன். பயப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் பயமும் வரவில்லை, குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஏன் உடனே ஹெட்போனைச் சந்தேகப்படவில்லை என்று கேட்பாய். முப்பத்தோரு வருஷப் பழக்கம். அச்சு விலகினால் முதல்ல உன் கையைப் பார், பேப்பரை எப்படி அடுக்கின, எந்தத் திருகைத் தொட்டன்னு பார், அப்புறம் மெஷினைக் குறை சொல்லலாம் என்று என் உதவியாளர் சோடாபுட்டியிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், அவர் அதைக் கேட்டுக் கேட்டு என்னைப் பார்த்தாலே கையைப் பார்த்துக்கொள்வார். அப்படி இருக்கிறவன் நீ சம்பளத்தில் வாங்கி அனுப்பிய பொருளைப் பழி சொல்வேனா. பிசியோ மேடம் நல்லா முன்னேற்றம் தெரியுது சார் என்றபோது ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வாராவாரம் போனில் ஹெட்போன் எப்படி இருக்குப்பா என்று நீ கேட்டாய், பிரமாதம் என்றேன்.

ஐந்து வாரம் இப்படியே போனது. அந்த மெஷினில் உருளைகளுக்கு நடுவே கை போக ஒரு நொடி போதும், இரண்டு கையும் பிந்துகிறவன் அதன் பக்கத்தில் நிற்கக் கூடாது, நின்றால் என் விரலோடு போகாது, பக்கத்தில் நிற்கிறவன் விரலும் போகும். சோதனை நாள் வரை காத்திருந்து டாக்டரை ஏமாற்றித் தேறிவிடுவேனோ என்று என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனது. போன வாரத்துக்கு முந்தின வாரம், திங்கட்கிழமை, என்னால் இனி மெஷின் ஓட்ட முடியாது என்று எழுதி மேனேஜரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் அம்மாவிடம் காரணத்தைச் சொன்னேன், அவள் உன்னிடம் சொன்னாள், நீ அன்றிலிருந்து டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்தாய்.

உனக்குத் தெரியாதது இனிமேல்தான். போன புதன்கிழமை அம்மா டிரம்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள், விற்றுவிடலாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். துடைத்து முடித்தவள் என்ன தோன்றியதோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு குச்சியால் இரண்டு தட்டுத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். காதில் மாட்டியிருந்ததால் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள், ஏங்க, எனக்கும் அடிச்ச அப்புறமாத்தானே கேக்குது, எனக்கும் தலையில அடைப்பா என்று. நான் ஹாலில் நின்றுகொண்டு அவள் கையையே பார்த்தேன். வேறு ஒரு ஆளை மாட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று ஐந்து வாரமாக எனக்குத் தோன்றவே இல்லை பாப்பா.

மறுநாள் பெட்டியையும் ஒரு ரப்பர் தட்டையும் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் வாத்தியக் கடைக்குப் போனோம். டிரம்ஸுக்கு ஹெட்போன் என்று சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர், வயர் இல்லாதது பக்கமே போயிடாதீங்க சார், பாட்டுக் கேக்க அது சுகம், வாசிக்க ஆகாது, சத்தம் காத்துல ஏறி வர்றதுக்குள்ள நீங்க அடுத்த அடி அடிச்சிருப்பீங்க என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தட்டை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைத்தேன். முதலில் ஒன்று தந்தார், பின்பக்கம் வலை போட்டது, காதுக்குக் காற்றோட்டமாக நன்றாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே வாசிப்பது வெளியே கேட்கிறது, கீழ்வீட்டு நர்ஸுக்கும் சேர்த்துக் கச்சேரி நடத்த வேண்டியிருக்கும். அடுத்தது சின்னது, காதின் மேல் உட்காருகிறது, தலையை ஆட்டினால் கழுத்துக்கு இறங்கிவிடுகிறது. மூன்றாவது இறுக்கியது, மூக்குக்கண்ணாடிக் காம்பு காதுக்குப் பின்னால் அழுந்தி ஐந்து நிமிஷத்தில் மண்டை விண்விண் என்றது. நாலாவதுதான் சரியாக வந்தது, காதை முழுசாக மூடுகிற பெரிய கிண்ணம், பின்பக்கம் அடைப்பு, வெளித் தொப் தொப் உள்ளே வராது, வேர்வையில் உறை கிழிந்தால் உறையை மட்டும் மாற்றலாம், சுருள் வயர் இழுத்த இழுப்புக்கு வரும், பெட்டியின் பெரிய துளைக்கு ஏற்ற முனையும் கூடவே தருகிறார்கள். பெடல் சத்தம் கரகரக்காமல் தும் என்று விழுகிறது. விலை நீ கொடுத்ததில் எட்டில் ஒரு பங்குகூட இருக்காது. அதை மாட்டிக்கொண்டு இடது கையால் ஒரு அடி, வலது கையால் ஒரு அடி அடித்தேன். அடியும் சத்தமும் ஒரே இடத்தில் விழுந்தன. மறுபடியும் அடித்தேன், மறுபடியும் அங்கேயே. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கடைக்காரர் பாவம் பதறிப்போய், அம்மா, விலையில இன்னும் கொஞ்சம் குறைச்சுத் தரேன், அழாதீங்க என்றார். எனக்கு ஒன்றும் வரவில்லை, ஓஹோ என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போனேன், கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று. மேனேஜர் எழுந்து நாற்காலி போட்டார். அண்ணே, ஒரு வாரத்துக்கு மேல என் மேஜையிலதான் வச்சிருந்தேன், மனசு மாறுவீங்கன்னு பாத்தேன், புதன்கிழமைதான் மேல அனுப்பினேன், நேத்தே ஒப்புதல் போட்டு வந்துடுச்சு என்றார். இரண்டு நாள் பிந்திவிட்டேன். மெஷினை சோடாபுட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் ஓரமாக நின்று பார்த்தேன், நன்றாகத்தான் ஓட்டுகிறார், நீலம் கொஞ்சம் தூக்கலாக விடுகிறார், அதைச் சொன்னதும் உடனே கையைப் பார்த்துக்கொண்டார். அவர் கண் கலங்கியது, நான் படி இறங்கி வந்தேன். முப்பத்தோரு வருஷம் போன அன்றைக்கு மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல அரை மணி நேரம் வாசித்தேன். எனக்கு உறைக்கவே இல்லை.

இதில் எதையும் உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியது நான்தான். நீ ஆசையாக அனுப்பியதைப் போய் இப்படிச் சொல்வதா என்று. அவளும் இப்ப கொஞ்சம் பரவாயில்லை என்று மென்று விழுங்கினாள், நீ நம்பவில்லை. உன் மேல் தப்பு என்று ஒரு நொடிகூட நினைக்காதே, அது நல்ல பொருள், அம்மா அதை மாட்டிக்கொண்டு சமைக்கும்போது பாட்டுக் கேட்கிறாள், பாட்டு எவ்வளவு பிந்தினால் யாருக்கு என்ன. தப்பு என்னுடையது. இது கொஞ்சம் லேட்டாக் கேக்குதும்மா என்று ஒரு தடவை உன்னிடம் சொல்லியிருந்தால், பாலத்துக்கே கணக்குப் போடுகிறவள், ஒரு நிமிஷத்தில் விஷயத்தைச் சொல்லியிருப்பாய்.

நேற்று நீ திங்கட்கிழமை என்று சொன்னபோது நான் ஹாலில் செருப்பு வார் தைத்துக்கொண்டிருந்தேன். தையலை விட்டுவிட்டு எழுந்து நின்றேன், மறுபடி உட்கார முடியவில்லை. முதலில் என்னவென்று புரியவில்லை, அம்மாவைக் கூப்பிடலாமா என்றுகூடப் பார்த்தேன், பிறகுதான் தெரிந்தது, பயம். விழுந்த அன்றைக்கு வராதது, வேலை போன அன்றைக்கு வராதது, நீ நாலு வருஷம் தற்காலிகமாகக் கிடந்து வாங்கிய இடத்தை இல்லாத ஒரு நோய்க்காகத் தூக்கிக் கொடுக்கப் போகிறாய் என்றதும் வந்துவிட்டது. இன்னும் போகவில்லை, எழுதும்போதும் இருக்கிறது. எனக்குத் திரும்பி வந்திருப்பது இது ஒன்றுதான் பாப்பா, இதை நிஜமாக்கிவிடாதே.

நோய்நொடி இல்லாமல், பிடித்த வேலையில், தலை நிமிர்ந்து நீண்ட காலம் நீ இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு. அந்த ராஜினாமாக் கடிதம் உன் பையில் இருந்தால் இப்போதே கிழித்துப் போடு. அவசரப்பட்டு வெள்ளிக்கிழமையே யார் மேஜையிலாவது வைத்திருந்தால், காலையில் முதல் ஆளாகப் போய் அந்த ரூம் வாசலில் நில், அவர் பையைக் கீழே வைப்பதற்குள் கேட்டு வாங்கிவிடு, மேஜையில் இருக்கும் வரைதான் அது உன் கடிதம். வாங்கியதும் ஒரு வார்த்தை அனுப்பு, பிரமாதம் என்று மட்டும் அனுப்பாதே.

இப்படிக்கு,
பயந்துபோய் உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா