பின்சுவருக்கு மூன்று பூச்சு

சேர்,

இன்று காலை இறக்கக்கண்டியில் இருந்து வந்த மீனவர் ஒருவருக்கு நீலப் பெயின்ட் ரின்னைத் திறந்து காட்டினேன். அவர் குச்சியை உள்ளே விட்டெடுத்து, கேட்காமலே கடையின் பின்சுவரில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தார். வெள்ளைச் சுவரில் அந்த ஒற்றைக் கோட்டைக் கண்டதும் எனக்கு வியாபாரத்தில் மனம் ஓடவில்லை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு உள்ளே வந்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் முதல்முறை வந்தபோது அந்தச் சுவர் இப்படி இல்லை. கடை தொடங்கிய நாளிலிருந்து வள்ளக்காரர் எல்லாரும் படகுக்குப் பெயின்ட் வாங்குமுன் நிறம் இழுத்துப் பார்த்த சுவர் அது. மதுரையில் சித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவர், திருகோணமலைக்குக் கோயில் பார்க்க வந்த இடத்தில் வெயிலுக்கு ஒதுங்குகிறார் என்றுதான் உங்களை நினைத்தேன். நான்கு நாள் வெறும் ரின் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு, அதில் இருந்து சுவரையே பார்த்தீர்கள். படம் எடுக்கவில்லை, எடுத்தால் பார்ப்பதை விட்டுவிடுவேன் என்றீர்கள். என்னைப் பாய் என்று கூப்பிட்டீர்கள். இங்கே நானா என்பார்கள், அண்ணன் மாதிரி, என்றேன். என்னைவிட எவ்வளவோ மூத்தவர், பிறகு நானா என்றே அழைத்தீர்கள்.

உங்கள் ஓவியங்களைச் சிறிய ஆல்பத்தில் காட்டினீர்கள். ஆளில்லை, மரமில்லை, கடலில்லை. நிறத்தின் மேல் நிறம். இதில் என்ன இருக்கிறது என்று ஒளிக்காமல் கேட்டேன்.

"என்ன இருக்குன்னு தேடாதீங்க நானா. கொஞ்ச நேரம் சும்மா பாருங்க."

எனக்கு அந்தக் கொஞ்ச நேரம் இருக்கவில்லை.

போகும்போது, "இந்தச் சுவர விலைக்குத் தருவீங்களா?" என்று கேட்டீர்கள். கொண்டுபோக லொறி இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்க, கடையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். கிண்ணியாவில் இருந்து ஒற்றைப் பையோடு வந்து, வாங்குகிறவன் முகத்தைப் படித்தே முன்னுக்கு வந்தவன் நான். உங்கள் முகத்தை மட்டும் படிக்கவில்லை.

பிறகொரு நாள் போன் எடுத்து, உடம்பு சரியில்லை, ஆனாலும் ஒருமுறை கடையைப் பார்க்க வேண்டும் என்றீர்கள். இந்தியாவில் இருந்து என் கடைக்கென்று ஒருவர் வருகிறார் என்ற பெருமையில், புழுகத்தில், கடை முழுக்க வெள்ளை அடிப்பித்தேன். பின்சுவரில் இரண்டு பூச்சுக்கும் நிறங்கள் மறையவில்லை. மூன்றாவது பூச்சை நானே கிட்ட நின்று அடிப்பித்தேன்.

வந்ததும் நேரே பின்பக்கம் போனீர்கள். சுவரில் உள்ளங்கையை வைத்தீர்கள்.

"எப்படி சேர்? உங்களுக்காகத்தான் அடிப்பிச்சனான்" என்றேன்.

"நல்லா இருக்கு நானா."

தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினீர்கள். களைப்பு என்று நினைத்தேன்.

நீங்கள் உலகத்தை விட்டே போய்விட்டீர்கள் என்று உங்கள் தங்கைதான் போனில் சொன்னா. உங்கள் அறையில் பெரிய ஓவியம் ஒன்று பாதியில் நிற்கிறதாம். எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டால், மீதி திருகோணமலையில் ஒரு கடைச்சுவரில் இருக்கிறது என்பீர்களாம். கடைசியாக இங்கே வந்து திரும்பியபின் தூரிகையைத் தொடவேயில்லையாம். அந்தச் சுவரை யாராவது படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டா.

அன்றைக்கே கத்தி எடுத்துச் சுரண்டினேன். வெள்ளையோடு சேர்ந்து நிறங்களும் தூளாய்க் கொட்டின. பிறகு அலுமாரியைக் கிளறினேன். அந்தச் சுவருக்கு முன்னால் எடுத்த படம் ஒன்றே ஒன்று கிடைத்தது. படம் நிறைய நான்தான், கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்கிறேன். இடத் தோளுக்கு மேலே விரல் அகலத்துக்குக் கொஞ்சம் சிவப்பும் கொஞ்சம் பச்சையும் தெரிகின்றன.

அதை உங்கள் தங்கைக்கு அனுப்பக் கை வரவில்லை, சேர். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.