பாஸ் அளவுப் படம்

என் அன்பு அத்தானுக்கு,

நாளைக்கு உங்கள் முப்பத்தோராம் நாள் பூசை. காலையிலிருந்து நான் ஓரிடத்தில் இருக்கவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழும்பி வாசல்வரை போகிறேன், திரும்பி வந்து இருக்கிறேன். நீங்கள் இருந்திருந்தால், "என்ன ஜெசி, கதிரையில முள்ளோ கிடக்கு?" என்று கேட்டிருப்பீர்கள்.

ஊரடங்கில் வாகனம் கிடைக்காமல், நெஞ்சுவலியோடு வீட்டிலேயே போய்விட்டீர்கள். அதன்பிறகு அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான். விறாந்தையில் வைக்க உங்கள் முகம் பெரிதாக ஒரு படம். கலியாண ஆல்பம் மூதூரில் விட்டுவந்த வீட்டோடு போயிற்று. மிஞ்சியது கனடாச் சித்தப்பா தன் டிஜிட்டல் கமராவில் எடுத்துத் தந்த ஒரே படம். கரையில் நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்க, பின்னால் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள். "ஸ்டூடியோவில வேலை செய்யிற தங்கச்சி இருக்கேக்க எனக்கென்ன கவலை" என்றாள் அக்கா.

அந்தப் படத்தைக் கெடுத்தவளே நான்தான், அத்தான்.

துறைமுக வேலைக்கு உள்ளே போகும் அனுமதிப் பாஸ் எடுக்க நீங்கள் அவசரப்பட்ட நாள் நினைவிருக்கிறதா? படைக் காவலில் இருக்கும் அந்தத் தாங்கிகள் தெரியும் படம் நம்மிடம் இருந்தால் சோதனைச் சாவடியில் என்ன கேட்பார்களோ என்று பயந்தேன். முகத்தை மட்டும் வெட்டி, பாஸ் அளவுக்குச் சுருக்கி, பழைய பெயரிலேயே சேமித்துவிட்டேன்; முழுப்படம் அதோடு அழிந்துபோயிற்று. வாடிக்கையாளர் படத்தில் ஒருநாளும் விடாத பிழை. நம்முடைய அத்தான்தானே என்ற அசட்டை. சித்தப்பாவிடமும் இப்போது அது இல்லையாம்.

பெரிதாக்கிப் பார்த்தேன். கண் இருந்த இடத்தில் நாலைந்து கறுப்புச் சதுரங்கள். சுருக்கும்போது எறிந்த புள்ளிகளை இனி எங்கே போய்ப் பொறுக்குவது?

உங்கள் கால்பந்துக் கழகத்துக்குப் பதாகை அடிக்க வந்த அன்று நீங்களே கேட்டீர்கள். "எழுத்தை எவ்வளவு இழுத்தாலும் உடையேல்ல. முகம் மட்டும் ஏன் பிள்ளை உடையுது?"

"முகம் புள்ளி புள்ளியாக் கிடக்கு, அத்தான். இழுத்தா அந்தப் புள்ளிதான் பெருக்கும். எழுத்துக்குக் கோடு எங்க தொடங்கி எப்பிடி வளையுது எண்டு கணக்கிருக்கு. எந்த அளவிலயும் புதுசாக் கீறிக்கொள்ளும்."

"அப்ப என்னையும் கோடாக் கீறி விடு" என்று சிரித்தீர்கள்.

இப்போதுதான் கீறினேன். இரண்டு நாள், ஒவ்வொரு வளைவாக. ஆளுயரத்துக்கு இழுத்தாலும் உடையாத முகம் வந்தது. அச்சடித்து அக்காவிடம் நீட்டினேன்.

"ஆரடி இது?"

"அத்தான்."

"அவருக்கு நாடியில பந்து விளையாடி வந்த காயம் இருக்கு. ஒரு கண் சின்னன். இது கடை விளம்பரத்தில நிக்கிற ஆரோ."

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். அக்கா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள். ஏசியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

பின்னேரம் வந்து, "அந்தச் சின்னப் படத்தைத் தா" என்றாள். பாஸ் அளவிலேயே அடித்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். நாடியில் காயம் தெரிந்தது. சின்னக் கண்ணும் தெரிந்தது.

"இதுவே காணும், பெரிசு வேண்டாம். பாக்க வாற ஆக்கள் கிட்ட வந்து பாக்கட்டும்."

பெரிய வெள்ளை அட்டையின் நடுவில் அதை ஒட்டியிருக்கிறேன். கீழே உங்கள் பெயர், சாண் உயர எழுத்தில். அக்கா என்னை மன்னித்துவிட்டாளா? நீங்கள்? கேட்கவும் பயமாக இருக்கிறது. தாங்கிகளை மறைக்கப்போய் உங்களைத் தொலைத்தேனே.

நாளைக்குப் பூசை முடிய அக்காவை வாசலில் நிற்கவைத்து ஒரு படம் எடுக்கப்போகிறேன். அவள் அழுதிருந்தாலும், பின்னால் படையினரின் காவலரண் தெரிந்தாலும், எடுத்தபடியே வைத்திருப்பேன். ஒரு புள்ளியைக்கூட எறியமாட்டேன், அத்தான். இது சத்தியம்.

உங்களைச் சுருக்கிய மச்சாள்,
ஜெசி
பாலையூற்று