துத்தி இலையும் பத்மாசனியின் காலும்

ஸ்கந்தபுரம்,
கிளிநொச்சி.

அன்புள்ள மகன் பிரசாந்தனுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறம், நீயும் அந்தக் குளிருக்குள்ள சுகமாயிருக்க முறிகண்டிப் பிள்ளையாரை மன்றாடுறன். போனில சொன்னால் நீ இடையில கதைச்சு மறிச்சுப்போடுவாய் எண்டுதான், அங்க வாற சுகந்தினி மாமியிட்ட இதைக் குடுத்து விடுறன்.

கிணத்தடியில நான் வைச்ச துத்தி இந்த மாரிக்கு இடுப்பளவு வளர்ந்து மஞ்சளாய்ப் பூத்து நிக்குது. கொழுந்தைக் கிள்ளி வெங்காயம் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்யிறதும், அப்பாவுக்குச் சூட்டுக்கட்டு வந்தால் இலையை ஆமணக்கெண்ணெயில வாட்டி வைக்கிறதும் உனக்குத் தெரியும், அவ்வளவுதான் அதின்ர வேலை. போன மாசம் உன்ர சின்னம்மான்ர மகன் நிரஞ்சன் வந்து, வீடியோ எடுக்கப்போறன் பெரியம்மா, செடிக்குப் பக்கத்தில நில்லுங்கோ எண்டான். நானும் வறை வைக்கிற விதத்தைச் சொன்னனான். அவன் என்ர கதையை வெட்டிப்போட்டு, இந்த இலையை அரைச்சுக் கட்டினால் சீனி வருத்தக்காரரின்ர புண்ணும் ஆறும், கிளினிக் மருந்தே தேவையில்லை எண்டு தன்ர குரலைப் போட்டு எல்லாற்ர போனுக்கும் விட்டிட்டான்.

முன்வீட்டுப் பத்மாசனி மாமிக்குச் சீனி வருத்தம், காலில முள்ளுக் குத்தின புண் வேற. தனிச்சீவியம். ஒவ்வொரு நாளும் வந்து இலை கேட்டா, வறைக்கெண்டு நினைச்சு நானும் ஆஞ்சு குடுத்தன். பிறகு நாலைஞ்சு நாள் ஆளைக் காணேல்லை. போய்க் கதவைத் தள்ளினால் நாத்தம், ராசா, செத்த எலி நாத்தம். இலை கறுத்துக் கூழாகிச் சதையோட ஒட்டிக்கிடக்கு, இலையான் மொய்க்குது, இளஞ்சூட்டுத் தண்ணி விட்டு உரிக்க உள்ளுக்குப் புழு நெளியுது. படலையடிக்கு ஓடிச் சத்தி எடுத்துப்போட்டுத்தான் திரும்பப் போய்க் கழுவினனான். அப்பா ஓட்டோ பிடிச்சார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம். பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்திட்டினம். இண்டைக்கும் சோத்தைப் பிசைய எனக்கு அருவருப்பாக் கிடக்கு.

அதைவிட அருவருப்பு, நிரஞ்சன் திரும்பவும் வீடியோ எடுக்க ஆஸ்பத்திரி வாட்டுக்கே போனோட வந்து நிண்டது. கால் போர்வைக்குள்ள இருக்கட்டும், இப்ப சுகம் எண்டு மட்டும் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அன்ரி எண்டு கேக்கிறான். எட்டப் போடா நாயே எண்டு கத்தினன், தாதிமார் திரும்பிப் பாத்தவை.

அவன் போனாப்பிறகு, ஏன் பத்மா இந்தக் கோதாரி வீடியோவை நம்பினனீர் எண்டு கேட்டன். அவா கோவப்படேல்லை. நிரஞ்சனை ஆர் அக்கா நம்பினது, உங்கட பிரசாந்தன்தான் எனக்கு அனுப்பினவன், அம்மான்ர தோட்டத்து மருந்து, செய்து பாருங்கோ மாமி எண்டு எழுதினவன், படிச்ச பிள்ளைதானே எண்டா. வீடியோவில அம்மாவைக் கண்ட சந்தோசத்தில முழுக்கக் கேளாமலே அனுப்பியிருப்பாய், அது எனக்கு விளங்குது. விளங்கினாலும் அருவருப்பு அடங்குதில்லை.

அப்பா துத்தியைப் புடுங்கப் போனார், நான் விடேல்லை, செடி ஒரு பொய்யும் சொல்லேல்லை.

பிள்ளையார் உனக்கு நீண்ட ஆயுளும் நிதானமும் தரட்டும். காதை மூடித் தொப்பி போடு. பத்மாசனி மாமி ஆஸ்பத்திரியால வீட்டுக்கு வந்திட்டா, எனக்குப் போன் எடுக்க முதல் அவாவுக்கு எடு. தெரியாமல் அனுப்பிட்டன் எண்டு தொடங்காத, கால் எப்பிடி எண்டு கேள்.

உன்ர அம்மா,
இராசேஸ்வரி