உன் அளவு ஜாக்கெட்டின் கைத்தையல்

தீபாவளித் துணி வந்து குவிவதற்குள் அலமாரியைக் காலி செய்துவிடலாம் என்று இன்று காலை கடையைத் திறந்ததும் உட்கார்ந்தேன். மேல்தட்டில், தைத்தும் யாரும் வாங்கிப் போகாத துணிகளுக்கு அடியில், உன் கிளிப்பச்சை ஜாக்கெட் இருந்தது. புது ஜாக்கெட் தைக்கும்போதெல்லாம் அளவுக்கென்று நீ கொண்டுவந்து கொடுப்பாயே, அதேதான். துவைத்துத்தான் கொடுத்திருந்தாய். ஆனாலும் தோள்வலிக்கு நீ பூசும் தைலத்தின் வாசனை கை மடிப்பில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மழை விட்டுத் தெரு ஈரமாகக் கிடந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் தையல் மிஷின் முன்னால் இருந்தேன் என்று தெரியவில்லை.

ஜாக்கெட்டை எல்லோரும் வெளிப்பக்கம் பார்ப்பார்கள், நான் உள்ளே திருப்பிப் பார்ப்பேன். உன்னுடையதைத் திருப்பினால் இடுப்பில் புதிதாக ஒரு தையல் பிடித்திருக்கிறது. கையில் ஒரு தையல் பிரித்துவிட்டிருக்கிறது. ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. பிறகு அதே துளைகளின் மேல் மறுபடியும் ஒரு தையல். மூன்று வேலையையும் செய்தவள் நான்தான். மூன்றாவதைச் செய்த அன்று எனக்குப் புத்தி எங்கே போனதோ.

நம் இரண்டு பேருக்கும் சர்க்கரை என்று ஒரே வாரத்தில்தான் தெரிந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன். நீ ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து நின்றாய். "அழுதா கொறையிற ஒடம்பாடி இது? எந்திரி" என்று கம்பம் ரோட்டுக்கு இழுத்துப் போனாய். அங்கே உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது ஜிம். காலை ஆறு மணி பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரம். பெரிய சேலைக் கடை வாசலில் உள்ளே போகத் தயங்கி நிற்கிற மாதிரி இரண்டு பேரும் வாசலிலேயே நின்றோம். நீதான் முதலில் செருப்பைக் கழற்றினாய்.

அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பாதி கனவாகத்தான் இருக்கிறது. கிழக்கு ஜன்னலில் மேகமலை இருக்கும், சில நாள் இருக்காது. மேகம் இறங்கி வந்து தென்னந்தோப்புக்கு மேல் படுத்திருக்கும். வெயில் இன்னும் மலைக்கு அந்தப் பக்கம். கீழே உரக்கடையின் வாடை, ரோட்டில் வாழைத்தார் ஏற்றிய லாரியின் சத்தம். நீ எடை கோத்த கம்பியைப் பிடித்துக் குனிந்து மூச்சை இழுப்பாய். தரையைவிட்டுக் கம்பி எழும்பும் அந்த ஒரு கணம் ஊரே சத்தமில்லாமல் நிற்பதாக எனக்குத் தோன்றும். கீழே வைத்ததும் நீ என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாய். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே எனக்குத் தினமும் முழிப்பு வந்தது.

சொல்லிக் கொடுத்தவள் நம் மகள் வயதுப் பெண். "முதுக வளைக்காதீக. மூச்சப் பிடிங்க. கால்ல தூக்குங்க" என்று அவள் சொல்வதை, கடையில் துணி மூட்டையைத் தூக்கும்போதுகூட நீ என்னிடம் சொல்லிக் காட்டுவாய். நாலு இட்லி இரண்டாயிற்று. அவித்த முட்டையும் சுண்டலும் தட்டுக்கு வந்தன. ஆனால் மூன்று மாதம் ஆகியும் எடை இறங்கவில்லை. நீ எடை மிஷினில் ஏறினாய், இறங்கினாய், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறினாய்.

"ஏன்டி, இது கெட்டுப் போச்சா? சொன்னதையே சொல்லுது."

"கொழுப்பு கரையிது, சத ஏறுதுக்கா. மிஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான். டேப்பு வச்சுப் பாருங்க" என்றாள் அந்தப் பெண்.

நீ என் கழுத்தைப் பார்த்தாய். அளவு டேப் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது, விடியும் முன்னே கடையில் ஒரு அவசரத் துணியை முடித்துவிட்டுக் கழற்ற மறந்து வந்திருந்தேன்.

அதிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு உன்னை அளந்தேன். இடுப்பு மெதுவாக உள்ளே போனது, மேல்கை மெதுவாகத் திரண்டது. ஒரு நாள் கை ஏறவில்லை என்று ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாய். கைக்குப் பிரித்துவிடச் சொல்லி வருகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்பார்கள். நீ ஒருத்திதான், "கைக்குப் பிரிச்சு விடுடி, இடுப்புல பிடி" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாய்.

ஒரே ஒரு குறைதான் உனக்கு. ஊரில் ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை. "இம்புட்டு பாடுபடுறோம். எளச்சுட்டியேன்னு ஒரு ஆளாச்சும் சொல்றாகளா பாரு" என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சர்க்கரையில்லாத டீயைக் குடித்துக்கொண்டே கோபித்துக்கொள்வாய். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

பிறகு சொன்னார்கள். அடுத்த வருஷம் மாங்காய் சீசனில் எல்லோரும் சொன்னார்கள். "நல்லா எளச்சுட்டீகளே, ஜிம்முக்குப் போறீகளாமே" என்று ஆபீஸில், கல்யாண வீட்டில், பஸ்ஸில். எடை வாராவாரம் இறங்கியது. நீ எனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தாய், சர்க்கரை இரண்டு பேருக்கும் இருப்பதை மறந்து.

அந்த மாத ஞாயிறு உன் கையைச் சுற்றி டேப்பை வைத்தேன். பிரித்துவிட்டதற்கும் முன்னால் இருந்த அளவுக்கு இறங்கியிருந்தது. இடுப்பு குறைந்தால் கை ஏற வேண்டும், அதுதான் இத்தனை மாதமாக நான் என் கையால் அளந்து தெரிந்துகொண்டது. டேப் சரியாகத்தான் சொன்னது. நான்தான் உன் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, "கையும் எளச்சுருச்சுடி" என்று சிரித்துக்கொண்டே அந்தத் தையலைப் போட்டேன்.

அதற்குப் பிறகு மதுரையில் ஸ்கேன் எடுக்க இரண்டு மாதம் ஆகிவிட்டது. வயிற்றுக்குள் கட்டி, பரவியிருக்கிறது என்றார்கள். நான் உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"ஒன் டேப்பு என்னடி பண்ணும்? நானுந்தான மிட்டாய் வாங்கிக் குடுத்தேன்" என்றாய்.

நீ மன்னித்துவிட்டாய். எனக்கு அது இன்னும் இறங்கவில்லை.

கடைசி வாரத்தில் ஒரு காலை, மலையைப் பார்க்க வேண்டும் என்றாய். உன் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். நாற்காலியை ஜன்னலோரம் போட்டுவிட்டு நான் உன்னைத் தூக்கக் குனிந்தேன்.

"முதுக வளைக்காத" என்றாய். குரலே வரவில்லை உனக்கு. "மூச்சப் பிடி. கால்ல தூக்கு."

தூக்கினேன். ஜிம்மில் நாம் முதல் வாரம் தூக்கிய கம்பியளவுக்குத்தான் இருந்தாய். என் தோளில் வாய் வைத்துக் கேட்டாய், "எத்தன கிலோடி இருப்பேன்?"

"இதெல்லாம் ஒரு வெயிட்டா? வார்ம்அப்பு" என்றேன். நீ சிரித்தது என் கழுத்தில் சூடாகப் பட்டது. மேகம் விலகிக்கொண்டிருந்தது. அத்தனை மாதம் எதற்காகக் கம்பி தூக்கினேன் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது கடைக்கு யார் வந்து, "எளச்சுட்டேன்க்கா, ஒரு தையல் பிடிச்சு விடுங்க" என்றாலும் முதலில் கையைத்தான் அளக்கிறேன். "நீங்களா எளச்சீகளா, அதுவா எளச்சுச்சா?" என்று கேட்கிறேன். சில பேருக்கு என் மேல் கோபம் வருகிறது. வரட்டும். அதுவாக இளைத்தது என்றால், டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லித் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

ஆறு மணிக்கு இன்னமும் போகிறேன். கம்பியைக் கீழே வைத்ததும் பக்கத்தில் திரும்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் விடவில்லை.

இன்று பிளேடை எடுத்து, நான் போட்ட அந்தக் கடைசித் தையலைப் பிரித்தேன். நூலை ஊதிவிட்டு, உன் கை திரண்டிருந்த நாளில் இருந்தபடியே ஆக்கி வைத்தேன். பிறகு கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு என் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன்.

அடியே, அளவு சரியாக இருக்கிறது.