மீட்டா பானி

செவ்வாய், இரவு

மனைவி கவிதாவோடு கோயம்புத்தூரிலிருந்து திரும்பியதும் மீன் தொட்டியைத்தான் போய்ப் பார்த்தேன். மஞ்சள் ராஸ் என்ற கடல் மீன் மணலில் ஒருக்களித்துக் கிடந்து மூச்சு வாங்கியது. சோதித்துப் பார்த்தால் தண்ணீரில் உப்பு எக்கச்சக்கம்.

தண்ணீர் ஆவியானாலும் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். காக்கூ என்று நாங்கள் கூப்பிடும் எதிர்வீட்டு மராட்டிக்கார அம்மாவிடம் சாவியைக் கொடுத்து, என் அரைகுறை இந்தியில் "மீட்டா பானி டால்னா", நல்ல தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அவரோ, நான் தொட்டிக்கென்று வைத்திருந்த உப்பைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்.

படிக்கட்டில் ஆட்கள் நிற்கும்போதே கத்தினேன். நீங்கள் சொன்னதைத்தானே செய்தேன் என்றார். பொய் என்றேன். சாவியை என் கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே வந்ததும் கவிதா கேட்டாள். "மீட்டா பானின்னா சொன்னீங்க? மராட்டியில மீட்னா உப்புங்க. கடல் மீனாச்சேன்னு உப்புத் தண்ணி ஊத்தியிருப்பாங்க. அவங்ககிட்ட அடிக்கடி உப்புக் கேட்டு வாங்குறவ நான், எனக்குத் தெரியாதா?"

தண்ணீரைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். விளக்கை அணைத்ததும் மீன் வழக்கம்போல மணலுக்குள் புகுந்துகொண்டது. காலையில் வெளியே வருமோ என்னவோ.

காக்கூ வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது. போய் என்ன சொல்வதென்று வார்த்தைகளைக் கூட்டிப் பார்க்கிறேன், வரவில்லை. கத்தும்போது மட்டும் இந்தி தடங்கலில்லாமல் வந்தது.